மூச்சு வாங்குற டிரக்கும் நானூறு டாலர் குழாயும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. தீசிஸ் ஒரு பக்கம், ஜூனியர் பசங்களோட லேப் ரிப்போர்ட் திருத்துறது ஒரு பக்கம். இப்பவும் நேரம் இருக்குன்னு இல்லை. ஆனா படிச்ச ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் ஒரு மனுஷனோட பர்ஸைக் காப்பாத்தும்னு வாழ்க்கையில முதல் தடவையா தெரிஞ்சிருக்கு. அதைச் சொல்லாம விட முடியுமா? :-)

அரிசோனாவுல வந்து இறங்கினா முதல்ல கண்ணுல படுறது வெயில். அடுத்தது பிக்கப் டிரக். நம்ம ஊர்ல வாழைத்தார் ஏத்துற குட்டியானை மாதிரி நினைச்சுடாதீங்க. இங்க சில டிரக்குகள் பாலைவனத்துல பறக்கறதுக்குன்னே செஞ்சது. அதுல ஒண்ணு ஃபோர்டு எஃப்-150 ராப்டர். 2010 மாடலா முதல்ல வந்தது. முதல் தலைமுறை 2014 வரைக்கும். அதுல 6.2 லிட்டர் வி8 எஞ்சின் போட்டது 411 குதிரைத்திறன். டர்போ கிடையாது, சூப்பர்சார்ஜர் கிடையாது. தானா மூச்சு இழுக்கிற எஞ்சின்.

எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் சாண்ட்லர்ல வேலை பார்க்கிறார். தேனிப் பக்கம். செகண்ட் ஹேண்ட்ல 2013 ராப்டர் வாங்கியிருக்கார். வாங்கின மறுவாரமே ஃபோன். "தம்பி, நீ மெக்கானிக்கல் தானே? கோல்டு ஏர் இன்டேக் எது நல்லது? மூணு கம்பெனி பார்த்து வெச்சிருக்கேன். நானூறு டாலர் சொச்சம் ஆகுது. முப்பது ஹெச்.பி. கூடும்கிறான்."

"அண்ணே, எது நல்லதுன்னு அப்புறம் பார்ப்போம். இப்ப இருக்கறதுல என்ன குறைன்னு முதல்ல பார்ப்போமா?" அப்படின்னேன். இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்விதான்.

எஞ்சின் எவ்வளவு காத்து குடிக்கும்?

சின்னக் கணக்கு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தன் வயிறு நிறைய இழுக்கும். 6.2 லிட்டர், நிமிஷத்துக்கு 5500 சுத்து, வயிறு 90 சதவீதம் நிறையுதுன்னு வெச்சுக்குவோம். நிமிஷத்துக்கு சுமார் 15,300 லிட்டர். வினாடிக்கு 255 லிட்டர். சென்னையில வீட்டுக்கு வருமே 20 லிட்டர் தண்ணி கேன், அது மாதிரி பன்னிரண்டு கேனுக்கு மேல, ஒவ்வொரு வினாடியும்!

இவ்வளவு காத்தும் கிரில் பக்கத்துல இருந்து ஒரு பெட்டிக்குள்ள போய், பேப்பர் ஃபில்டரைத் தாண்டி, குழாய் வழியா த்ராட்டிலுக்கு வரணும். வர்ற வழியில கொஞ்சம் அழுத்தம் குறையும். ஸ்ட்ரா வெச்சு ரோஸ்மில்க் குடிச்சா கன்னம் உள்ள போகுதுல்ல, அதேதான். இன்டேக் கிட் விக்கிறவர் சொல்றது, "உன் ஸ்ட்ரா சின்னது, பெரிய ஸ்ட்ரா தர்றேன்." ஞாயமான பேச்சுதான். ஆனா இப்ப இருக்கிற ஸ்ட்ரா எவ்வளவு சின்னதுன்னு யாருமே அளக்கறதில்லை.

கொத்தனார்கிட்ட இருக்கு கருவி

அளக்க லேப் எல்லாம் வேணாம். வீடு கட்டும்போது கொத்தனார் ஒரு நீளமான கண்ணாடிக் குழாய்ல தண்ணி ஊத்தி மட்டம் பார்ப்பாரே, அதே குழாய் போதும். குழாயை யு மாதிரி வளைச்சு ஒரு பலகையில கட்டி, பாதி வரைக்கும் கலர் தண்ணி. ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல இருக்கிற இன்டேக் குழாய்ல இணைக்கணும். இன்னொரு முனை திறந்தே இருக்கட்டும். எஞ்சின் இழுக்கும்போது ஒரு பக்கம் தண்ணி ஏறும், இன்னொரு பக்கம் இறங்கும். ரெண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க நஷ்டம். (யு நல்லா உயரமா இருக்கட்டும். தண்ணி எஞ்சினுக்குள்ள போயிடக் கூடாது. ஓட்டுறவர் ரோட்டைப் பார்க்கணும், பக்கத்துல உட்கார்ந்தவர் தண்ணியைப் பார்க்கணும். ரெண்டு வேலையையும் ஒரே ஆள் பார்த்தா அப்புறம் ஆஸ்பத்திரிக் கணக்கு தனி.)

இப்பதான் விஷயமே. ஒரு அங்குலத் தண்ணின்னா சுமார் 0.25 கிலோபாஸ்கல். வளிமண்டல அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல். அதாவது ஒரு அங்குலம் கால் சதவீதம். 400 குதிரை எஞ்சின்ல கால் சதவீதம்னா ஒரு குதிரை. ஒரு அங்குலத்துக்கு ஒரு குதிரை. இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா போதும்.

ஃபுல் த்ராட்டில்ல 8 அங்குலம் காட்டுதுன்னு வைங்க. பெட்டி, ஃபில்டர், குழாய் எல்லாத்தையும் கழட்டி வீசிட்டு நேரா ஆகாயத்துல இருந்து இழுத்தாலும் கிடைக்கப் போறது அதிகபட்சம் எட்டு குதிரை. எவ்வளவு நல்ல கிட்டா இருந்தாலும் ஃபில்டர், குழாய்னு ஏதோ ஒண்ணு இருந்துதானே ஆகணும்? அதனால நாலு, அஞ்சு கிடைச்சா பெரிசு. முப்பது எங்கிருந்து வரும்? பானையில இருந்தாத்தானே அகப்பையில வரும்!

ஒப்பிட இன்னொண்ணு. ஃபீனிக்ஸ்ல இருந்து ஃபிளாக்ஸ்டாஃப் ஏறினா உயரம் சுமார் 7,000 அடி. காத்தழுத்தமே கிட்டத்தட்ட ஐந்துல ஒரு பங்கு குறைஞ்சுடும். தானா மூச்சு இழுக்கிற எஞ்சின் அங்க இழக்கிறது பல பத்து குதிரை. அதைத் திருப்பித் தர்ற குழாய் இன்னும் யார் கடைக்கும் வரலை.

அப்ப அந்த முப்பது குதிரை பொய்யா?

முழுப் பொய்னு சொல்ல மாட்டேன். சூட்சுமம் வேற இடத்துல இருக்கு. ஃபில்டர் பெட்டியைத் தாண்டினதும் எம்.ஏ.எஃப். சென்சார்னு ஒண்ணு உட்கார்ந்திருக்கும். ஒரு சூடான கம்பி. காத்து பட்டா குளிரும். எவ்வளவு குளிருதுங்கிறதை வெச்சு, இவ்வளவு காத்து வருதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதுக்கேத்த பெட்ரோல் ஊத்தப்படும். ஆனா அந்தக் கம்பிக்குத் தெரிஞ்சது தன் மேல படுற காத்தோட வேகம் மட்டும்தான். குழாயோட அகலத்தைக் கம்பெனிக்காரன் கணக்குல எழுதி வெச்சிருக்கான்.

நீங்க குழாயை 80 மில்லிமீட்டர்ல இருந்து 88 ஆக்கினா பரப்பு 21 சதவீதம் கூடும். அதே அளவு காத்து மெதுவாப் போகும். கம்பி "காத்து குறைஞ்சிடுச்சு"ன்னு தப்பாச் சொல்லும். பெட்ரோல் குறையும். சாதாரணமா ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சரி பண்ணிக்கும். ஃபுல் த்ராட்டில்ல எம்.ஏ.எஃப். பேச்சைத்தான் பெரும்பாலும் நம்பும். கம்பெனி அங்க பாதுகாப்புக்காகக் கொஞ்சம் அதிகமாவே பெட்ரோல் ஊத்தும். அது குறைஞ்சா சில குதிரை கூடத் தெரியும். ஆனா அது காத்துல வந்த குதிரை இல்லை. எஞ்சினோட பாதுகாப்பை அடகு வெச்சு வாங்கினது. 45 டிகிரி வெயில்ல அந்த அடகை மீட்கிறது கஷ்டம்.

அதனால கிட் வாங்கியே தீருவேன்னா முதல் கேள்வி இதுதான்: எம்.ஏ.எஃப். இருக்கிற இடத்துல குழாயோட விட்டம் கம்பெனி விட்டம்தானா? இல்லைன்னா அதுக்கேத்த டியூன் கூடவே வருதா?

பேர்ல மட்டும் கோல்டு

ரெண்டாவது கேள்வி, காத்து எங்கிருந்து வருது? ராப்டர்ல கம்பெனிப் பெட்டியே முன்பக்கத்துல இருந்து வெளிக்காத்தைத்தான் இழுக்குது. சில கிட்ல பளபளன்னு ஒரு கூம்பு ஃபில்டர், பேருக்கு ஒரு தகடு, மத்தபடி பானெட்டுக்குள்ள திறந்து கிடக்கும். சிக்னல்ல நிக்கும்போது அது குடிக்கிறது எஞ்சின் வெக்கையை. காத்து 3 டிகிரி சூடானா அடர்த்தி 1 சதவீதம் குறையும். 10 டிகிரி கூடினா 3 சதவீதத்துக்கு மேல. பவர் அதே அளவுக்கு இறங்காட்டியும், குழாய்ல மிச்சம் பிடிச்ச நாலு குதிரை அதுலயே போயிடும். வெக்கை அதிகமானா கம்ப்யூட்டர் தீப்பொறியையும் பின்னுக்குத் தள்ளும். மூடின பெட்டி, பானெட் மேல நல்லா அழுந்துற ரப்பர் சீல், இது ரெண்டும் இல்லாததை "கோல்டு"ன்னு விக்கிறது, வெயில்ல வெச்ச மோரை ஜில் மோர்னு விக்கிற மாதிரி.

சத்தம் மட்டும் நிச்சயம் கூடும். கம்பெனி சத்தத்தை அடக்க வெச்ச அறைகள் எல்லாம் கிட்ல இருக்காது. சத்தம் கூடினா வேகம் கூடின மாதிரி இருக்கும். ஊர்ல ஆர்.எக்ஸ். 100 சைலன்சருக்குள்ள இருக்கறதை உருவிட்டு "மச்சி, வண்டி பறக்குது"ன்னு சொன்னவங்க எல்லாரும் இதுக்குச் சாட்சி. சத்தம் பிடிச்சு வாங்கினா தப்பே இல்லை. சத்தத்துக்குக் காசு கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும், அவ்வளவுதான்.

உண்மையான வில்லன்: தூசி

அண்ணன் டிரக் வாங்கினதே வாரக் கடைசியில புல்டாக் கேன்யன் பக்கம் மண் ரோட்டுல ஓட்டத்தான். நாலு வண்டி வரிசையாப் போனா கடைசி வண்டிக்காரர் பார்க்கிறது ரோடு இல்லை, புழுதி.

ஏர் ஃபில்டரைச் சோதிக்க உலகம் முழுக்க ஐ.எஸ்.ஓ. 5011-னு ஒரு முறை இருக்கு. அதுக்குப் பயன்படுத்துற சோதனைத் தூசிக்குப் பேரே அரிசோனா டெஸ்ட் டஸ்ட். இங்க சால்ட் ரிவர் பள்ளத்தாக்கு மண்ணுல இருந்து வந்த பேர். நான் தினமும் சைக்கிள் மிதிச்சு காலேஜ் போறதே அந்த ஆத்தங்கரையிலதான்! உலகத்து ஃபில்டர்கள் எல்லாம் பரீட்சை எழுதுற மண்ணுல குடியிருந்துக்கிட்டு ஃபில்டரை இளப்பமா நினைக்கலாமா?

இந்த மண்ணுல குவார்ட்ஸ் நிறைய. இரும்பையே கீறும். உள்ள போனா சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ஒரு ஃபில்டர் 99 சதவீதம் பிடிக்குது, இன்னொண்ணு 97 சதவீதம். கேட்டா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஆனா 100 கிராம் தூசி வந்தா முதல்ல உள்ள போறது 1 கிராம், ரெண்டாவதுல 3 கிராம். மூணு மடங்கு! பிடிச்ச 97-ஐ ஏன் பார்க்கணும்? தப்பிச்ச 3-ஐப் பாருங்க.

"ஃப்ரீயா காத்து விடும்"னு சொல்ற ஃபில்டர்ல கேட்க வேண்டியது, எந்தச் சோதனையில எத்தனை சதவீதம்? பதில் சொல்லாத கம்பெனியை விட்டுடுங்க. எண்ணெய் தடவுற பஞ்சு ஃபில்டர்னா இன்னொரு கவனம். எண்ணெய் அதிகமானா எம்.ஏ.எஃப். கம்பியில போய் ஒட்டும். எந்த ஃபில்டரா இருந்தாலும் பெட்டியில சரியா உட்காரலைன்னா எல்லாம் வீண். மேலும் ஒரு நல்ல வழி இருக்கு. ஆயில் மாத்தும்போது பழைய ஆயில்ல கொஞ்சம் பரிசோதனைக்கு அனுப்பலாம். சிலிக்கான், இரும்பு அளவு தடவைக்குத் தடவை ஏறினா தூசி உள்ள போகுதுன்னு சந்தேகப்படலாம். நமக்கு ரத்தப் பரிசோதனை மாதிரி.

அப்ப யாருக்குத்தான் இன்டேக் வேணும்?

இருக்காங்க. அழுத்த நஷ்டம் காத்தோட அளவுக்கு இருமடியில ஏறும். எஞ்சினை மாத்தி, சூப்பர்சார்ஜர் வெச்சு காத்து 1.4 மடங்கு போகுதுன்னா நஷ்டம் ரெண்டு மடங்கு. 8 அங்குலம் 16 ஆகும். அப்ப பெரிய பெட்டிக்கு அர்த்தம் இருக்கு. கம்பெனிக்காரங்களும் அப்படித்தான் செய்றாங்க. 2021-ல வந்த ராம் டி.ஆர்.எக்ஸ். 702 குதிரை, சூப்பர்சார்ஜர். பானெட் மேல ஒரு வழி, கிரில் பக்கம் ஒரு வழின்னு ரெண்டு மூக்கு வெச்சே அனுப்பினாங்க. 2017-ல வந்த ரெண்டாம் தலைமுறை ராப்டர்ல இரட்டை டர்போ, 450 குதிரை. அதுல கம்ப்யூட்டரே இவ்வளவு பூஸ்ட் வேணும்னு தீர்மானிக்கும். இன்டேக் கொஞ்சம் இறுகினா டர்போ கொஞ்சம் கூடுதலாச் சுத்தி ஈடு கட்டிடும். அங்க டியூனும் இன்டர்கூலரும் முதல்ல, இன்டேக் கடைசியில.

சட்டம் ஒண்ணும் இருக்கு. கலிஃபோர்னியாவுல ரோட்டுல ஓட்டணும்னா அந்த கிட்டுக்குக் காற்று வள வாரியத்தோட அனுமதி எண் இருக்கணும். இல்லைன்னா புகைச் சோதனையில மாட்டும். ஃபீனிக்ஸ், டூசான் பகுதியிலயும் புகைச் சோதனை உண்டு. அங்க குடி போகப் போறவங்க முன்னாடியே பார்த்துக்குங்க.

அண்ணன் கதை? போன சனிக்கிழமை அளந்தோம். பழைய ஃபில்டரோட ஒரு தடவை, புதுசா ஒரு பேப்பர் ஃபில்டர் போட்டு ஒரு தடவை. இருபத்தஞ்சு டாலர் ஃபில்டருக்கே தண்ணி மட்டம் கண்ணுக்குத் தெரியுற மாதிரி இறங்கிடுச்சு. மிச்சம் இருந்த நஷ்டத்துக்கு நானூறு டாலர் கொடுக்க அவருக்கு மனசு வரலை. "இந்தக் காசுக்கு ரெண்டு செட் ஃபில்டரும், ஒரு ஆயில் பரிசோதனையும், மிச்சத்துல டயருக்கும் ஆகும் தம்பி"ன்னார். தேனிக்காரர் கணக்கு, தப்புமா?

டிஸ்கி: ஆலோசனைக்குக் கட்டணமா ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தார். காத்துக்கு நஷ்டம், வயித்துக்கு லாபம். உங்க வண்டியில மட்டம் பார்த்தா எத்தனை அங்குலம் வந்ததுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க, எந்த வண்டியா இருந்தாலும் சரி.