கூரைக்குக் கீழே ஒரு கூரை

சித்திரை மாதத்து நண்பகலில் தஞ்சைப் பகுதியில் எந்த ஊருக்குச் சென்றாலும் ஒரு வேறுபாட்டை உணரலாம். தென்னங்கீற்று வேய்ந்த கொட்டகைக்குள் நுழைந்தால் "அப்பாடா!" என்றிருக்கும். பக்கத்திலேயே தகரம் போட்ட கொட்டகைக்குள் நுழைந்தால் தலைக்கு மேல் அடுப்பை ஏற்றி வைத்தாற்போல் இருக்கும். இரண்டின்மேலும் அடிப்பது ஒரே வெயில்தான். கீற்று மலிவானது, தகரம் விலை கூடியது. இருந்தும் வெயிலைத் தடுப்பதில் மலிவான பொருளே வெல்கிறது. ஏன்?

இதற்கு இயற்பியல் எளிதாக விடை சொல்லிவிடும். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் மூண்ட தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றும்படி தமிழக அரசு ஆணையிட்டது. சரியான ஆணை. ஆனால் கீற்றை அகற்றிவிட்டுத் தகரமோ ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார்த் தகடோ வேய்ந்த இடங்களில், கீற்றோடு குளிர்ச்சியும் போய்விட்டது.

கீற்றின் குளிர்ச்சி வேண்டும். கீற்றின் தீ வேண்டாம். இரண்டையும் ஒருங்கே பெற முடியுமா? முடியும். அதற்கு ஒரு வழி, கூரைக்குக் கீழே இன்னொரு கூரை அமைப்பது. வெப்பங்கடத்தாப் பலகைகளால் ஆன இந்த உட்கூரையைத்தான் பேச்சுவழக்கில் 'ஃபால்ஸ் சீலிங்' என்கிறோம். அதை எப்படித் திட்டமிடுவது என்று பார்ப்போம்.

தகரம் சுடுவது எப்படி?

வெப்பம் பரவும் வழிகள் மூன்று: கடத்தல், சலனம், கதிர்வீசல். கூரை வழியாக வெப்பம் இறங்குவதில் மூன்றுக்கும் பங்கு உண்டு. வெயிலில் காயும் தகடு தன் அடிப்பக்கத்துக்கு வெப்பத்தைக் கடத்துகிறது. தகடு மிக மெல்லியது; எனவே இதற்கு நேரமே ஆவதில்லை. அடிப்பக்கத்தை ஒட்டிய காற்று சூடேறுகிறது. சூடான காற்று இலேசானது, கீழே இறங்காது. எனவே சலனத்தின் தொல்லை இங்கே குறைவு. பெருந்தொல்லை கதிர்வீசலால் வருகிறது. சூடான தகடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறது. அவை காற்றைக் கடந்து நேரே நம் தலையையும் தோளையும் தாக்குகின்றன.

கணக்கிட்டுப் பார்க்கலாம். உச்சி வெயிலில் தகடு 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறக்கூடும். அறையின் சுவரும் தரையும் 35 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதிப்படி, தகட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 170 வாட் வெப்பத்தைக் கீழே அனுப்பும். 6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள வகுப்பறைக்கு 36 சதுர மீட்டர் கூரை. மொத்தம் சுமார் 6,000 வாட்! 1,000 வாட் மின்னடுப்புகள் ஆறினைத் தலைக்குமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாடம் நடத்துவதற்கு இது சமம்.

மின்விசிறி போட்டால் போதாதா? விசிறி காற்றைத்தான் நகர்த்தும், கதிரைத் தடுக்காது. கதிருக்கு இடையே ஒரு திரை வேண்டும். அந்தத் திரையும் சூடேறி மறுபடி கதிர் வீசக்கூடாது என்றால், அது அரிதிற் கடத்தியாகவும் இருக்க வேண்டும்.

காற்று என்னும் போர்வை

பொருள்களின் கடத்துதிறனை ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்று அளப்பார்கள். இரும்புக்கு இது சுமார் 50. கான்கிரீட்டுக்கு 1.5. நெல் உமிக்கு சுமார் 0.05. அசையாத காற்றுக்கு 0.026 மட்டுமே. 'அசையாத' என்ற சொல்லைக் கவனியுங்கள். காற்று அசைந்தால் சலனம் தொடங்கிவிடும். அதைச் சின்னஞ்சிறு அறைகளில் அடைத்துப் போட்டால் அதைப்போன்ற போர்வை வேறில்லை. உமி, வைக்கோல், தென்னை நார், மரத்தூள், பஞ்சு ஆகிய எல்லாம் செய்யும் வேலை காற்றை அடைத்து வைப்பதுதான்.

இந்தப் போர்வையின் ஆற்றலுக்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1833இல் ஃபிரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர் பாஸ்டன் நகரிலிருந்து 180 டன் பனிக்கட்டியைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். குளிர்சாதனம் இல்லாத காலம். நான்கு மாதக் கடற்பயணத்தில் பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். கப்பல் வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் கட்டி உருகாமல் இருந்தது! மரத்தூள் போன்ற பொருள்களைச் சுற்றிலும் அடைத்துப் பனிக்கட்டியைக் காப்பது டியூடர் வணிகத்தின் இரகசியம். இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் சென்னை ஐஸ் ஹவுஸ், அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டதே.

கான்கிரீட்டின் கடத்துதிறன் உமியினுடையதைப்போல் 30 மடங்கு. ஆகவே 5 சென்டிமீட்டர் உமி தடுக்கும் வெப்பத்தைக் கான்கிரீட் தடுக்க வேண்டுமானால் ஒன்றரை மீட்டர் கனத்துக்குத் தளம் போட வேண்டும். நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமி கழிகிறது. அரைவை ஆலைகள் நிறைந்த காவிரிப் படுகையில் வெப்பங்கடத்தாப் பொருளுக்குப் பஞ்சமா என்ன?

அதே காற்று தீக்கும் உணவு

இங்கேதான் சிக்கல் எழுகிறது. கீற்றைக் குளுமையாக்கும் காற்றுதான் அதை எரியவும் வைக்கிறது. விறகுக் கட்டை மெல்ல எரிகிறது. அதே விறகைச் சிராய்களாகப் பிளந்தால் 'குப்'பென்று பற்றுகிறது. சிராயின் எல்லாப் பக்கத்தையும் ஆக்சிஜன் தொடுகிறது அல்லவா? கீற்றுக் கூரை என்பது இலட்சக்கணக்கான உலர்ந்த சிராய்களை இடையிடையே காற்று விட்டு அடுக்கி வைத்தது போன்றது.

உமி இவ்வளவு மோசமில்லை. அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிலிக்கா. மணலில் உள்ள அதே பொருள். எனவே அது எளிதில் கொழுந்துவிட்டு எரிவதில்லை. ஆனால் ஒருமுறை பற்றிக்கொண்டால் உள்ளுக்குள்ளேயே புகைந்து கனன்றுகொண்டிருக்கும். உமிக் குமுட்டியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மின்கம்பிகள் ஓடும் உட்கூரையின்மேல் உமியை வெறுமனே கொட்டி வைப்பது அறிவுடைமை ஆகாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? காற்று உள்ளேயே இருக்க வேண்டும். ஆனால் நாரைத் தொடக்கூடாது. ஒவ்வொரு நாருக்கும் எரியாத சட்டை ஒன்றை மாட்டிவிட வேண்டும்!

ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கீற்று, வைக்கோல் கூரைகளின்மேல் தார்க்கலவை சேர்த்த மண்ணைப் பூசும் முறையை உருவாக்கியதன் அடிப்படை இதுதான். மண் தீக்கும் நாருக்கும் இடையே நிற்கிறது. தார்க்கலவை மண்ணை மழை கரைக்காமல் காக்கிறது.

பலகையில் இதையே இன்னும் நுட்பமாகச் செய்யலாம். 1908இல் ஆஸ்திரியாவில் ராபர்ட் ஷெரர் என்பவர், நூல்போலச் சீவிய மரச்சுருளை மக்னசைட்டிலிருந்து கிடைக்கும் பசையால் பிணைத்துப் பலகையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மக்னசைட் நமக்குப் புதிதன்று. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் கிடைக்கும் வெள்ளைக் கல்தான் அது. பின்னர் சிமெண்டைக் கொண்டும் இத்தகைய பலகைகளைச் செய்யத் தொடங்கினர். சிமெண்ட் பூசிய மரச்சுருளுக்கு நெருப்பை வைத்தால் எளிதில் பற்றுவதில்லை. சுருளுக்கு இடையே காற்றறைகளும் அப்படியே இருக்கின்றன. இதன் கடத்துதிறன் சுமார் 0.08. உமியை விடச் சற்றுக் கூடுதல். கான்கிரீட்டில் இருபதில் ஒரு பங்கு.

மரத்துக்குப் பதில் உமியும் வைக்கோல் துண்டும் சேர்க்கலாமா? சேர்க்கலாம். ஆனால் ஒரு தடை உண்டு. பயிர்ப்பொருள்களில் சர்க்கரைப் பொருள்கள் இருக்கின்றன. சிறிதளவு சர்க்கரைகூடச் சிமெண்ட் இறுகுவதைக் கெடுத்துவிடும். எனவே அவற்றை முதலில் நீரிலோ சுண்ணாம்பு நீரிலோ ஊற வைத்து அலசிவிட வேண்டும். சிமெண்டுக்குப் பதில் ஒட்டும் பிசினைக் கொண்டு உமிப்பலகை செய்யும் முறையைப் பெங்களூரில் இருந்த ஒட்டுப்பலகைத் தொழில் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. ஆனால் தீக்கு அஞ்ச வேண்டிய இடத்தில் சிமெண்டே மேல்.

எவ்வளவு கனம்? எவ்வளவு அகலம்?

பலகை 5 சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். அதன் மேற்பக்கம் 60 டிகிரியையே எட்டினாலும், கீழே 35 டிகிரி உள்ள அறைக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக இறங்குவது 40 வாட் அளவே. முன்பு 170 வாட்! ஆறு மின்னடுப்புகளில் நாலரையை அணைத்துவிட்டோம். கனத்தை இரட்டித்தால் வெப்பம் மேலும் பாதியாகும். எடையோ இரண்டு மடங்காகும்.

எடைதான் அடுத்த கேள்வி. மரச்சுருள் பலகை ஒரு கன மீட்டர் சுமார் 400 கிலோ இருக்கும். 240 சென்டிமீட்டர் நீளம், 120 சென்டிமீட்டர் அகலமுள்ள பெரிய பலகை ஒன்று 57 கிலோவுக்கு மேல் போய்விடும். அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க நான்கு பேரும் சாரமும் வேண்டும். பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் உள்ள சதுரப் பலகையோ 7.2 கிலோதான். ஒரு குடம் தண்ணீரை விட இலேசு. ஏணியில் நிற்கும் ஒருவர் தாமே ஏற்றிவிடலாம். நம் வகுப்பறைக்கு இப்படி நூறு பலகைகள் போதும். ஆனால் நூறும் சேர்ந்து 720 கிலோ! கூரைச் சட்டங்கள் அதைத் தாங்குமா என்று பொறியாளர் ஒருவர் கணக்கிட்ட பின்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஆணியின்றி மாட்டும் வித்தை

முதலில் அறையின் நடுப்புள்ளியைக் குறித்து, அங்கிருந்து செங்குத்தான இரண்டு கோடுகளை இழுக்க வேண்டும். செங்கோணம் சரிதானா என்று பார்க்க உங்கள் வடிவியல் பாடமே போதும்: பக்கங்கள் 3, 4 மீட்டர் என்றால் கர்ணம் 5 மீட்டர் வர வேண்டும். சுவரோரத்திலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து தொடங்குவது ஏன்? எந்தச் சுவரும் முற்றிலும் நேராக இருப்பதில்லை. நடுவில் தொடங்கினால் பிழை இரு ஓரங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படும்.

பிறகு கூரைச் சட்டங்களிலிருந்து கம்பிகளைத் தொங்கவிட்டு, அவற்றில் கவிழ்த்த டி எழுத்து வடிவிலான உலோகச் சட்டங்களை 60 சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட வேண்டும். நீர் நிரம்பிய கண்ணாடிக் குழாயைக் கொண்டு கொத்தனார் மட்டம் பார்ப்பது போலவே இங்கும் மட்டம் பார்த்துக் கம்பிகளை முறுக்கிச் சரிசெய்யலாம். மேலே கூரை எவ்வளவு கோணலாக இருந்தாலும் கீழே உட்கூரை மட்டமாக அமையும்.

இனிப் பலகையைச் சாய்த்துக் கட்டத்தின் வழியே மேலே நுழைத்து, கிடையாக்கி, மெல்லக் கீழே இறக்கினால் அது சட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிடும். ஆணி இல்லை; பசை இல்லை. பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் குறைத்துப் பலகையை வெட்டியிருந்தால் சிக்காமல் இறங்கும். மழைநீர் ஒழுகினாலோ, எலி கூடு கட்டினாலோ, மின்கம்பியைப் பார்க்க வேண்டியிருந்தாலோ அந்த ஒரு பலகையை மட்டும் தூக்கி எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கலாம்.

மறக்கக்கூடாதவை

கல்நார்த் தகட்டில் துளை போடவோ அறுக்கவோ கூடாது. அதன் தூசியில் உள்ள நுண்ணிய நார்கள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். கம்பிகளைத் தகட்டில் மாட்டாமல் சட்டத்திலேயே கட்ட வேண்டும்.

கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவிலுள்ள வெளியை அடைத்துவிடக்கூடாது. முகட்டை ஒட்டித் திறப்புகள் இருந்தால் சூடான காற்று தானே வெளியேறும்.

தெர்மோகோல் இலேசானது, மலிவானது, வெப்பத்தையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் அது தீயில் உருகிச் சொட்டி எரியக்கூடியது, கரும்புகையும் எழும். எளிது என்பதற்காக அதை வகுப்பறையில் மாட்டினால் கும்பகோணம் கற்பித்த பாடத்தை மறந்தவர்களாவோம்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் வாயையும் கறுப்பு வண்ணம் பூசிய தகரத் துண்டால் மூடுங்கள். ஒன்றில் மட்டும் தகரத்துக்கு 3 சென்டிமீட்டர் கீழே, இரண்டு சென்டிமீட்டர் உமி பரப்பிய அட்டைத் தட்டு ஒன்றைப் பொருத்துங்கள். பக்கவாட்டில் துளையிட்டு, தட்டுக்குக் கீழே இருக்குமாறு வெப்பமானிகளைச் செருகுங்கள். நண்பகல் வெயிலில் வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் குறித்து வரைபடம் வரையுங்கள். பின்னர் தகரத்துக்கும் தட்டுக்கும் இடையே பெட்டியின் பக்கங்களில் காற்றுத் துளைகள் இட்டு மீண்டும் அளந்து பாருங்கள். தகரம் நன்றாகச் சுடும். வெறுங்கையால் தொட வேண்டாம்.

இரண்டு கோடுகளும் எவ்வளவு விலகுகின்றன என்பதை உங்கள் வரைபடமே காட்டும். அதைப் பார்த்தபின் உங்கள் பள்ளியின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அது எதனால் ஆனது? அதன் பரப்பு என்ன? எத்தனை மின்னடுப்புகளுக்குச் சமமான வெப்பத்தை அது உங்கள் தலையில் கொட்டுகிறது? தீப்பிடித்தால் வெளியேற வழிகள் எத்தனை? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதுபவர் அக்கூரையைத் திருத்தும் வேலையைத் தொடங்கிவிட்டார் என்றே சொல்லலாம்.