தூக்கத்தைத் திருடும் கைத்தொலைபேசி



"டாக்டர், பையன் நல்லா சாப்பிடுறான், வேலைக்கும் ஒழுங்கா போறான். ஆனா எந்நேரமும் அசதி அசதின்னு விழுந்து கிடக்கிறான்." சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் போய்வரும் மகனைப் பற்றி இப்படிக் கவலைப்படும் தாய்மார்கள் ஜொகூர் தோட்டங்களில் நிறையப் பேர். சோதித்துப் பார்த்தால் இரத்தச் சோகை இல்லை, இனிப்புநீர் இல்லை. "எத்தனை மணிக்குப் படுக்கிறாய்?" என்று கேட்டால் "பத்து மணிக்கு" என்பான். அது பொய்யில்லை. "கைத்தொலைபேசியை எத்தனை மணிக்குக் கீழே வைக்கிறாய்?" என்று கேளுங்கள். அப்போதுதான் தலையைச் சொறிவான்.

அந்தப் பத்து மணிக்கும் அவன் உண்மையில் கண்ணயரும் நேரத்துக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைத்தான் இம்முறை நம் சுகாதாரப் பகுதியில் பார்க்கப் போகிறோம். இதற்குச் சிங்கப்பூர்த் தேக்காவை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வீட்டைப் பிரிந்து வந்து உழைக்கும் தமிழனுக்கும் தொலைபேசிக்கும் உள்ள உறவு எப்படிப் படிப்படியாக மாறியது என்பதை அங்கே கண்ணெதிரே பார்க்க முடியும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1973 ஏப்ரல் 3ஆம் தேதி, மார்ட்டின் கூப்பர் என்ற மோட்டோரோலா கம்பெனிப் பொறியாளர் நியூயார்க் தெருவில் நின்றுகொண்டு, கையில் தூக்கிப் பேசும் தொலைபேசியில் முதன்முதலாகப் பேசினார். அதன் எடை ஒரு கிலோவுக்கு மேல். செங்கல்லைக் காதில் வைத்துக்கொண்டது போல இருந்திருக்கும்! பத்து ஆண்டு கழித்து, 1983இல் அமெரிக்க அரசு அதை விற்க அனுமதி கொடுத்தது. விலை 3,995 அமெரிக்க டாலர். பத்து மணி நேரம் மின்சாரம் ஏற்றினால் அரை மணி நேரம் பேசலாம். உழைப்பாளி வீட்டுக்கு வரும் சாமானா அது?

சிங்கப்பூரிலும் ஆரம்பத்தில் அது முதலாளிமார், காண்ட்ராக்டர்கள் கையில்தான் இருந்தது. மற்றவர்கள் இடுப்பில் பேஜரைச் செருகிக்கொண்டு, அது கத்தியதும் பொதுத் தொலைபேசியைத் தேடி ஓடினார்கள். 1994இல் ஜி.எஸ்.எம். என்ற புதிய முறை வந்தது. 1997இல் எம்1 கம்பெனியும் 2000இல் ஸ்டார்ஹப் கம்பெனியும் சந்தையில் இறங்கின. போட்டி வந்தது, விலை இறங்கியது. 2007இல் ஐபோன் வந்தபின் தொலைபேசி என்பது பேசும் கருவியாக மட்டும் இல்லாமல் சினிமாக் கொட்டகை, பத்திரிகை, தபால் நிலையம், சூதாட்டக் கடை எல்லாம் சேர்ந்த ஒன்றாகிவிட்டது.

இனி தேக்காவுக்கு வருவோம். 1990களிலும் 2000களிலும் ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் ரோடு பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் ஆறு நாள் உழைத்தவர்கள் வந்து குவிவார்கள். கேம்பல் லேன், ரேஸ் கோர்ஸ் ரோடு, சையது அல்வி ரோட்டு முஸ்தபா கடை வாசல் என்று எங்கே பார்த்தாலும் தலைகள். ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு வரிசை. காலிங் கார்டு வாங்க இன்னொரு வரிசை. கார்டைச் சுரண்டி எண்ணை எடுத்து, நீளமான எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி, ஊரில் தொலைபேசி உள்ள வீட்டுக்குப் போட்டு, "எங்க அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்று சொல்லிக் காத்திருக்க வேண்டும். அம்மா ஓடி வருவதற்குள் பாதிக் காசு கரைந்துவிடும்.

கஷ்டம்தான். ஆனால் அந்தக் கஷ்டத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்கு. மற்ற ஆறு இரவும் தூக்கத்துக்கு. வீட்டில் சண்டை, வட்டிக் கடன், தங்கச்சிக்கு வரன் தட்டிப்போனது எல்லாம் வாரத்தில் ஒரு நாள் காதுக்கு வரும். கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் ஊர்க்காரனிடம் சொல்லி அழுதுவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறுவான்.

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு இரவுகளாகப் பிரிந்து கட்டிலுக்கே வந்துவிட்டது.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். நமக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம். ஆனால் தமிழ்நாட்டுக் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. ஊரில் மனைவி சமைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவி, ஒன்பது மணிக்கு "அப்பாடா" என்று உட்கார்ந்து வீடியோவில் கூப்பிடும்போது, சிங்கப்பூர்த் தங்குவிடுதியில் பதினொன்றரை. ஒரு மணி நேரம் பேசினால் பன்னிரண்டரை. காலை ஐந்து மணிக்கு எழுந்தால்தான் லாரியைப் பிடிக்கலாம். நாலரை மணி நேரத் தூக்கம்! அவன் மட்டுமா? ஓர் அறையில் பன்னிரண்டு பேர், பழைய விடுதிகளில் அதற்கும் மேல். ஒருவன் பேசினால் பதினொரு பேர் புரண்டு படுக்கிறார்கள். மனைவி மேல் தப்பு சொல்ல முடியுமா? அவளுக்கு ஓய்வு கிடைப்பதே அந்த நேரம்தான். நம் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்யும் வங்காளதேசத் தோழர்களுக்கும் இதே கதை. அவர்கள் ஊர் இரண்டு மணி நேரம் பின்னால்.

நம் வீட்டுப் பையனுக்கு நேர வித்தியாசம் இல்லை. அவனுக்கு வேறு சிக்கல். பாலத்தில் நெரிசல் கூடுமுன் கடக்க வேண்டும் என்று விடியற்காலை மூன்றரைக்கே எழுகிறான். எட்டு மணி வேலைக்கு நாலு மணிக்கே மோட்டாரை உதைக்கிறான். வேலை முடித்து, ஓவர்டைம் பார்த்து, இரவு எட்டரைக்கு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிப் பக்கம் நெரிசலில் நிற்கும்போது அவன் கண் விழித்துப் பதினேழு மணி நேரம் ஆகிவிட்டது.

இந்தப் பதினேழு மணி நேரம் என்பதை நினைவில் வையுங்கள். 1990களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்து பார்த்தார்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் கை, கண், கவனம் எல்லாம், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் உள்ளவனுடைய அளவுக்கு மந்தமாகிவிடுகிறது என்று கண்டார்கள். மலேசியாவில் 2020இல் சட்டத்தைத் திருத்தி, வாகனம் ஓட்டுபவருக்கு வைத்த எல்லையே அந்த 50 மில்லிகிராம்தான். ஆக, ஒரு சொட்டு கூடக் குடிக்காத நம் பிள்ளை குடித்தவனைப் போல வீடு திரும்புகிறான். முதல் நாள் இரவு நாலு மணி நேரம்தான் தூங்கினான் என்றால் நிலைமை இன்னும் மோசம். கண் திறந்திருக்கும்போதே மூளை இரண்டு மூன்று வினாடி தூங்கிவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி என்றால் 66 மீட்டர். சாரத்தின் மேல் நிற்பவனுக்கும், செம்பனைக் குலையை நீண்ட அரிவாளால் இழுப்பவனுக்கும் ஒரு வினாடியே போதும்.

தூக்கம் ஏன் கெடுகிறது? இருட்டியதும் மூளையில் மெலட்டோனின் என்ற ஒரு சுரப்பு ஊறும். "படு, நேரமாச்சு" என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கும் திரையின் வெளிச்சம் அதைத் தாமதப்படுத்தும். ஆனால் என்னைக் கேட்டால் வெளிச்சத்தைவிட விஷயம்தான் பெரிய எதிரி. "அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதாம்" என்று ஒரு வரி வந்தால் விளக்கை அணைத்தாலும் தூக்கம் வருமா? சண்டைச் செய்தி, பயமுறுத்தும் வதந்தி, அடுத்தடுத்து ஓடும் சின்னச் சின்ன வீடியோ எல்லாம் மனசை ஓட விட்டுவிடும். ஓடுகிற மனசு உடனே படுக்காது.

ஆண்டுக்கணக்கில் தூக்கம் குறைந்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும் வாய்ப்பு கூடுகிறது. 2023இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவருக்கு இனிப்புநீர் இருக்கிறது. நம் சமூகத்தில் அது இன்னும் அதிகம். சீனியைக் குறைக்கச் சொன்னால் கேட்கிறோம். தூக்கத்தைக் கூட்டச் சொன்னால் சிரிக்கிறோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அசதிக்கு எல்லாப் பழியையும் கைத்தொலைபேசி மேல் போட்டு, வேலை நேரத்தை மறைக்க நினைப்பவர்களுக்கு நாம் சாட்சி சொல்லப் போவதில்லை. மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சட்டப்படி வேலை. சிங்கப்பூரில் சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாளிக்கு ஓவர்டைம் மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் வேலை வாங்கினால் அது வேறு பேச்சு.

கைத்தொலைபேசியின் நன்மையையும் மறைக்கக் கூடாது. 2020 ஏப்ரலில் கோவிட் தொற்று சிங்கப்பூர்த் தங்குவிடுதிகளில் பரவியபோது, மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகள் உள்ளேயே அடைபட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தொற்று வந்து போனது தெரிய வந்தது. நோய் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். டாக்டரிடம் பேசியதும் உடல் வெப்பத்தைப் பதிந்ததும் ஊரில் அழுத தாய்க்கு "நான் நல்லா இருக்கேன், பாரும்மா" என்று முகத்தைக் காட்டியதும் அந்தச் சின்னக் கருவி வழியாகத்தான். 2021 செப்டம்பரில்தான் தடுப்பூசி போட்ட ஒரு சிலரைத் தேக்காவுக்கு அழைத்துப்போகும் சோதனைத் திட்டமே தொடங்கியது. அந்தப் பதினேழு மாதமும் பலருக்கு மனம் பேதலிக்காமல் காத்தது அந்தக் குரல்தான். ஆகவே "தூக்கிப் போடு" என்று நான் சொல்ல மாட்டேன்.

"தலையில் கட்டி வருமாமே, புற்றுநோய் வருமாமே" என்று கேட்கிறவர்கள் உண்டு. 2011இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு "வரலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு" என்ற பட்டியலில் கைத்தொலைபேசி அலைகளைச் சேர்த்தது உண்மை. பிறகு அதே நிறுவனத்துக்காகப் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2024இல் வெளியான அறிக்கை, மூளைப் புற்றுநோய்க்கும் இதற்கும் தொடர்பு காணவில்லை. அந்தப் பயத்தை விடுங்கள். தூக்கத்துக்குப் பயப்படுங்கள்.

பிள்ளைகள் விஷயம் தனிக் கட்டுரைக்கு உரியது. சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் சொன்னதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், ஆறு வயது வரை பள்ளிக்கு வெளியே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள், பன்னிரண்டு வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள். சோறு ஊட்டக் கைத்தொலைபேசியைக் காட்டும் பாட்டிமார்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான்!

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? மகன், கணவன், அண்ணன் யாராக இருந்தாலும் பேசும் நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். மதிய ஓய்வில் பத்து நிமிடம், மாலை சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம். படுக்கப் போகும் கடைசி ஒரு மணி நேரத்தில் வேண்டாம். கடன், சண்டை, பிள்ளையின் குறும்பு போன்ற கனமான பேச்சை ஓய்வு நாளுக்குத் தள்ளி வையுங்கள். பழைய தேக்கா ஒழுங்கு அது.

"ஒரு அவசரம்னா எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. இன்றைய கைத்தொலைபேசிகளில் "தொந்தரவு செய்யாதே" என்ற ஏற்பாடு உண்டு. அதைப் போட்டுவிட்டால் இரவில் ஒன்றும் கத்தாது. ஆனால் ஒரே எண்ணிலிருந்து சில நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மட்டும் மணி அடிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். பையனையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்: ஒரு முறை அடித்தால் சாதாரணம், உடனே மறுபடி அடித்தால் அவசரம்.

மோட்டாரில் வரும்போது கொட்டாவி தொடர்ந்து வந்தால், கடந்த இரண்டு மூன்று கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லாவிட்டால், வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள். முகம் கழுவுவதும் பாட்டுக் கேட்பதும் தூக்கத்தை ஏமாற்றாது. காப்பி குடித்தால் அது வேலை செய்யவே இருபது நிமிடம் ஆகும். குடித்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் அந்த இருபது நிமிடம் கண்ணை மூடினால் இரண்டும் சேர்ந்து உதவும். வீட்டுக்கு அரை மணி நேரம் பிந்தி வரட்டும். "ஏன் லேட்டு?" என்று நடுவழியில் போன் போட்டு அவனை எடுக்க வைக்காதீர்கள்.

படுக்கும்போது கைத்தொலைபேசி தலைமாட்டில் வேண்டாம்; கூடத்திலோ சமையலறையிலோ மின்சாரம் ஏறட்டும். "அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைக்கிறேன்" என்பான். எல்லாரும் சொல்லும் சாக்கு அது. அடுத்த முறை தேக்காப் பக்கம் போகும்போது ஓர் அலாரக் கடிகாரம் வாங்கி வரச் சொல்லுங்கள். சில வெள்ளிதான் ஆகும். மூன்றரைக்கு முள்ளைத் திருப்பி வைத்துவிட்டுப் படுக்கட்டும்.