பூட்டிய கணினியிற் பழுது

2022ஆம் ஆண்டின் முற்பகுதியை இலங்கையில் வாழ்ந்தோர் எளிதில் மறவார். சில மணித்தியாலங்களாகத் தொடங்கிய மின்வெட்டு, மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அந்நாள்களுள் ஒன்றில், பாடசாலை அலுவலறையில் இருந்து மாணவர் பதிவுகளை என் மடிக்கணினியில் எழுதிக்கொண்டிருந்தேன். மின்சாரம் நின்றது. கணினியின் மின்கலமோ முதுமை எய்தியது. சில நொடிகளில் அதுவும் கைவிட்டது. மின் மீண்டபின் கணினியை இயக்கினேன். வழக்கம்போற் கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது. அதன்பின் வரவேண்டிய திரை வரவில்லை. கரிய திரையில் ஆங்கில வரிகள் சில. அவற்றின் கீழே 'இனிட்ராம்எஃப்எஸ்' என்றொரு சொல். அதன் பக்கத்தே ஒளிர்ந்து மறையும் ஒரு சிறு கோடு. அவ்வளவே.

அக்கணினியில் ஐந்தாண்டுப் பதிவுகள் இருந்தன. புள்ளிகள் மட்டுமல்ல, எவர் வீட்டில் வறுமை, எவர் தந்தையை இழந்தவர், எவருக்கு மருந்துச் செலவுக்கு உதவி வேண்டும் என்பன போன்ற, பிறர் காணலாகாத குறிப்புகளும் இருந்தன. அதனாலேயே லினக்ஸ் பணிசெயல் முறைமையை நிறுவியபோது, தட்டு முழுவதையும் மறைகுறியாக்கி, அதாவது கடவுச்சொல் இன்றி எவரும் வாசிக்க முடியாதவாறு பூட்டி வைத்திருந்தேன். பட்டினத்திற் கணினி திருத்தும் ஒருவரிடம் காட்டினேன். அவர் திரையை ஒருமுறை நோக்கிவிட்டு, "பூட்டிய தட்டுப் பழுதானால் ஒன்றும் மிஞ்சாது, அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவோம்" என்றார்.

நேயர்களே, இந்தக் கூற்றைத்தான் இன்று ஆராய விரும்புகின்றேன். பலரும் இவ்வாறே நம்புகின்றனர். இது பாதி உண்மை; பாதி உண்மையை நம்பிச் செயற்படுவதனாலேயே, தப்பக்கூடிய பதிவுகள் பலவும் அழிகின்றன.

பாடசாலையில் இரும்புப் பெட்டகம் ஒன்று உண்டு என்று கொள்வோம். அதனுள்ளே இடாப்பு ஒன்றும், அவ்விடாப்பின்படி அடுக்கிய தாள்களும் உள்ளன. எந்தத் தாள் எங்கே இருக்கின்றது, அதன் பெயர் என்ன, நீளம் என்ன என்பனவற்றை இடாப்புக் கூறும். கணினியிலே அவ்விடாப்பைக் கோப்பு முறைமை என்பர். லினக்ஸ் கணினிகளிற் பெரும்பாலும் காணப்படுவது 'எக்ஸ்ட்4' என்னும் கோப்பு முறைமை, 2008இல் நிலைபெற்றது. பெட்டகத்தின் பூட்டோ வேறு. லினக்ஸில் அதற்கு 'லக்ஸ்' என்று பெயர். பூட்டு ஓர் அடுக்கு. இடாப்பு அதனுள்ளே மற்றோர் அடுக்கு. இரண்டையும் தாங்கும் தட்டு மூன்றாவது. பழுது எந்த அடுக்கில் என்று அறியாமற் கைவைப்பது, நோய் அறியாமல் மருந்து கொடுப்பது போன்றதாகும்.

முதலில் இடாப்பைப் பார்ப்போம். எழுதும் நடுவில் மின் நின்றால், தாள் அடுக்கப்பட்டிருக்கும், ஆனால் இடாப்பிற் பதியப்பட்டிராது; அல்லது பதியப்பட்டிருக்கும், தாள் இராது. இதனைத் தவிர்க்க, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பின்னரே இடாப்பைத் திருத்தும் முறை, எக்ஸ்ட்4 முறைமைக்கு முன்னோடியான எக்ஸ்ட்3 முறைமையோடு 2001இல் லினக்ஸின் கருவினுட் சேர்ந்தது. அதனால், மின் நின்று மீளும் தறுவாய்களில் அந்தக் குறிப்பேட்டைப் படித்துக் கணினி தானே தன்னைச் சரிசெய்துகொள்ளும். நமக்குத் தெரிவதுகூட இல்லை. ஆயின், தட்டானது எழுதிமுடித்தேன் என்று சொல்லிவிட்டு உண்மையில் முடிக்காது விட்டிருந்தால், குறிப்பேடும் உதவாது. அப்போதுதான் தானியங்கிச் சோதனை கைவிட்டு, மனிதரை அழைத்து, அந்தக் கரிய திரையில் வந்து நிற்கும்.

எங்கள் பாடசாலையிற் கணினி கற்பிக்கும் இளம் ஆசிரியர் அத்திரையைப் படித்துவிட்டு, "சேர், இது நல்ல செய்தி. பூட்டுத் திறந்துவிட்டது. உள்ளேதான் குழப்பம்" என்றார். கலைப் பட்டதாரியாகிய எனக்கு அதன் பொருள் அன்று விளங்கவில்லை. கடவுச்சொல் ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்பதே முதற் சான்று. ஏற்கப்பட்டுப் பின்னர் நின்றதாயின் பழுது உள்ளடுக்கில். சரியான சொல்லே மறுக்கப்படுமாயின் வெளியடுக்கை ஐயுறலாம். அப்போதும், எழுத்துப்பலகை வேறு மொழி அமைப்பில் நிற்கின்றதா, பெரிய எழுத்துச் சாவி அழுந்தியுள்ளதா என்று முதலிற் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்துப்பலகையும் ஆங்கில எழுத்துப்பலகையும் மாறிமாறி வைத்திருக்கும் நம்மவர்க்கு இந்தத் தடுமாற்றம் எளிதில் நேரும்.

இனி, பூட்டைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். திருத்துபவர் கூற்றின் பாதி உண்மை இங்கேதான் உள்ளது. நாம் கொடுக்கும் கடவுச்சொல் தட்டிலுள்ள எழுத்தை நேரே மறைப்பதன்று. கணினி தானே ஆக்கிய நீண்ட திறவுகோல் ஒன்றுதான் எல்லாவற்றையும் மறைக்கின்றது. அத்திறவுகோலையே நம் கடவுச்சொல் பூட்டி வைத்திருக்கின்றது. பூட்டப்பட்ட அத்திறவுகோல், பூட்டிய பகுதியின் தொடக்கத்தில், தலைப்பு எனப்படும் சிறு இடத்தில் இருக்கும். 2019 முதல் வழக்கமாக நிறுவப்படும் லக்ஸ் இரண்டாம் பதிப்பில் அதற்கு ஒதுக்கிய இடம் 16 மெகாபைட். 256 கிகாபைட் தட்டில் அது ஒரு மூலையிலும் மூலை. அந்தத் தலைப்பிலுள்ள விவரணங்களுக்கு இரண்டு படிகள் உள்ளன; திறவுகோலுக்கோ ஒரு படியே. அதுவும் வேண்டுமென்றே 4,000 துண்டுகளாகப் பரப்பி வைக்கப்பட்டுள்ளது. ஒரு துண்டு கெட்டாலும் திறவுகோல் கிட்டாது. ஏனெனில், தட்டை விற்கும்போதோ எறியும்போதோ திறவுகோலை ஐயமின்றி அழிக்க வேண்டும் என்பது இதனை அமைத்தோரின் எண்ணம். அழிப்பதற்கு எளிதாக அமைத்தது தற்செயலாக அழிவதற்கும் எளிதாயிற்று.

தலைப்பைக் கடந்து உள்ளே போனால் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே ஒரு பிட் கெட்டால் கெடுவது 16 பைட்டுகளே. ஐந்து தமிழெழுத்துக்கு மேற் கொள்ளாத இடம். ஏனைய யாவும் முன்போலவே படிக்கப்படும். மேலும், எக்ஸ்ட்4 இடாப்புத் தன் முதற்பக்கத்தின் படிகளைத் தட்டின் பல இடங்களில் வைத்துள்ளது. முதற்பக்கம் கிழிந்தாலும், வழக்கமான அமைப்பில் 32,768ஆம் கட்டத்தில் உள்ள படியைக் கொண்டு மீட்கலாம். ஆகவே பூட்டிய தட்டில் ஒன்றும் மிஞ்சாது என்பது தலைப்புக்குப் பொருந்தும். தட்டின் பெரும்பகுதிக்குப் பொருந்தாது.

இதை அறியாதவர் செய்யும் பெரும்பிழை ஒன்று உண்டு. இடாப்பைச் செப்பனிடும் கட்டளைக்கு 'எஃப்எஸ்சிகே' என்று பெயர். அதனைப் பூட்டைத் திறவாமலே, பூட்டிய பகுதியின்மீது ஏவிவிடுவர். மறைத்த எழுத்துள் இடாப்பின் அடையாளத்தைக் காணாத கட்டளை, இங்கே கோப்பு முறைமையே இல்லை என்று விடையளிக்கும். அது பெட்டகத்தின் இரும்புக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு இடாப்பைக் காணோம் என்பது போன்றது. இந்த விடைகண்டு அஞ்சிப் புதிய கோப்பு முறைமையை அங்கேயே அமைத்தால், புதிய எழுத்து நேரே தலைப்பின் மீது விழும். அதுவரை நலமாயிருந்த திறவுகோல் அக்கணமே போய்விடும். பட்டினத்தில் எனக்குக் கூறப்பட்ட வழி இதுவே என்று பின்னர் அறிந்தபோது உடல் சிலிர்த்தது.

நாங்கள் செய்ததைக் கூறுகின்றேன். லினக்ஸ் நிறுவிய வேறொரு பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கினோம். பழுதான தட்டிலிருந்து இயக்கினால் அதன்மேல் எழுத்து விழும் அன்றோ? அடுத்து, தட்டு உடல் நலத்தோடு உள்ளதா என்று அதன் சொந்தக் குறிப்புகளைப் படிக்கும் 'ஸ்மார்ட்' சோதனையாற் பார்த்தோம். நலமாகவே இருந்தது. நலமின்றி இருந்திருந்தால், செப்பனிடும் கட்டளையை ஏவுவது இறக்கும் நோயாளியை ஓடச் சொல்வதாகும். அத்தகைய தட்டிலிருந்து படிக்க முடிந்தவற்றை முதலிற் 'டிடிரெஸ்கியூ' என்னும் கருவியாற் படியெடுக்க வேண்டும். நலமான தட்டாயினும் ஆசிரியர் படியெடுக்காமல் மேலே செல்ல மறுத்துவிட்டார். திறந்தபின் எடுத்த படி எவரும் வாசிக்கக்கூடியது. பூட்டியபடியே எடுத்த படியோ பூட்டியே இருக்கும். அதனாற் பெட்டகத்தைத் திறவாமலே முழுதாகப் புறத்தட்டொன்றுக்குப் படியெடுத்தோம். ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் சென்றது. இடையில் மின் நின்றுவிடுமோ என்ற அச்சத்தில், மின்வெட்டு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருந்தோம்.

அதன்பின்னரே 'கிரிப்ட்செட்டப்' என்னும் கட்டளையாற் பூட்டைத் திறந்து, உள்ளே தோன்றிய தொகுதியை விழிப்பித்து, அதனைப் பயன்பாட்டில் இணைக்காமலே செப்பனிடும் கட்டளையை ஏவினோம். இணைத்த நிலையில் ஏவுதல் ஆகாது. இருவர் ஒரே வேளையில் ஒரே இடாப்பில் எழுதினால் என்னாகும் என்பதைப் பாடசாலை நடத்துவோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் எதையும் மாற்றாமற் பிழைகளைக் காட்ட மட்டும் சொன்னோம். பிழைகள் ஒரு பக்கம் நிரம்ப வந்தன. பின்னரே திருத்தச் சொன்னோம்.

பூட்டின் தலைப்பையும் அன்றே தனிக்கோப்பாகப் படியெடுத்தோம். அதனை அதே கணினியில் வைத்தாற் பயனில்லை. வேறிடத்தில் வைக்க வேண்டும். கடவுச்சொல்லைப் பின்னர் மாற்றினாலும் பழைய படி பழைய சொல்லுக்குத் திறக்கும் ஆதலின், அதனை எல்லார் கையிலும் விடலாகாது. தலைப்பின் படி திறவுகோலை மட்டுமே காக்கும். பதிவுகளுக்கு வேறு படி வேண்டும். இதனை நான் அதுவரை எடுத்ததில்லை என்பதையும் மறைப்பானேன்?

கணினி எழுந்தது. 'லொஸ்ட் அன்ட் ஃபவுண்ட்' என்னும் அறையில், பெயரிழந்து வெறும் எண்களோடு பதினொரு கோப்புகள் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயரிட்டோம். ஒன்பது முழுதாக இருந்தன. ஒன்று வெறுமையாயிருந்தது. எஞ்சிய ஒன்று, மின் நின்றபோது நான் எழுதிக்கொண்டிருந்த தரம் எட்டின் புள்ளிப் பட்டியல். அது பாதியோடு நின்றிருந்தது. வகுப்பாசிரியையிடமிருந்து கடதாசிப் பட்டியலை வாங்கி, மறுநாட் காலை மின் வந்த வேளையில் மீதிப் பெயர்களை எழுதி முடித்தேன்.