மழை மாதத்தில் வீட்டைப் பூட்டும் முன்...

டொரண்டோவில் இருக்கும் என் அக்கா மகள், குளிர்காலத்தில் இங்கே வரும்போது குழாய்த் தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவாள். கணப்பு இல்லாவிட்டால் தண்ணீர் உறைந்து குழாயே வெடித்துவிடுமாம்! பெருங்குடியில் நமக்கு அந்தக் குளிர் இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கிறதே! பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர். 2015-லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவெல்லாம் தண்ணீர்.

மகள் பிரசவத்துக்கென்று மாதக்கணக்கில் வெளியூர் போகும் சகோதரிகளே, ஃபிரிட்ஜைக் காலி செய்து துடைத்து, கதவைச் சற்றுத் திறந்தே வையுங்கள். காஸ் ரெகுலேட்டரையும் மெயின் சுவிட்சையும் அணையுங்கள். மொட்டை மாடி வடிகுழாயில் சருகு அடைக்காமல் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கொசு. டெங்கு கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் பெருகும். வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீர்த் தொட்டிகளை இறுக மூடுங்கள். கழிப்பறைக் கோப்பையைப் பாலிதீன் தாளால் மூடிக் கட்டுங்கள். காய்ந்த தட்டிலும் அதன் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே பூந்தொட்டித் தட்டு, வாளி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

சாவியைப் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டிய வீட்டில் பிறக்கும் கொசு, அவர் பேரக் குழந்தையைத்தானே கடிக்கப் போகிறது!