தூக்குத் தண்டனை தகுமா?

குற்றம் புரிந்தாரைத் தண்டித்தல் அரசின் கடன் என்பதில் எந்நாட்டாரும் கருத்து வேறுபட்டிலர். ஆயின், அத்தண்டனை குற்றவாளியின் உயிரையே கவரும் அளவுக்குச் செல்லலாமோ என்னும் வினா, 250 ஆண்டுகளுக்கு மேலாக அறிஞரையும் சட்டசபைகளையும் நீதிமன்றங்களையும் அலைக்கழித்து வருகின்றது. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் 113 நாடுகள் எல்லாக் குற்றங்களுக்கும் இத்தண்டனையை ஒழித்திருந்தன. சீனா, ஈரான், சவுதி அரேபியா, ஜப்பான், சிங்கப்பூர், இந்தியா முதலிய நாடுகள் அதனைத் தம் சட்டத்தில் வைத்துள்ளன. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ 23 மாகாணங்கள் ஒழித்துவிட்டன. ஏனையவற்றின் சட்டத்தில் அஃது இன்னும் உள்ளது. இவ்விரு திறத்தாருள் ஒரு திறத்தாரை இரக்கமற்றவர் என்றும், மறு திறத்தாரை உலகியல் அறியாதவர் என்றும் ஒதுக்கிவிடுதல் எளிது, ஆனால் முறையன்று. இருபாலாரும் கூறும் நியாயங்களை எடுத்து நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, தண்டனை வேண்டும் என்பாரது வாதத்தைக் காண்போம். இவ்வாதம் மிகப் பழமையானது. செங்கோன்மையைக் கூறவந்த திருவள்ளுவரும், கொடியோரை வேந்தன் கொலையால் ஒறுத்தலை, உழவன் பயிரைக் காக்கும்பொருட்டுக் களை பறித்தலோடு ஒப்பிட்டார். ஊரைக் காத்தலே இங்குக் கருத்து. பகை தீர்த்தல் அன்று. ஜெர்மானியத் தத்துவ ஞானியாகிய காண்ட் என்பவர் 1797-ல் வெளியிட்ட நூலில் இதனினும் கடுமையான நிலையை மேற்கொண்டார். ஒரு தீவில் வாழும் மக்கள் தம் சமுதாயத்தைக் கலைத்துவிட்டு உலகெங்கும் பிரிந்து செல்லத் துணிந்தாலும், பிரியுமுன் சிறையிலுள்ள கடைசிக் கொலைகாரனுக்குத் தண்டனையை நிறைவேற்றியே செல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. தண்டனையால் பின்னர் விளையும் நன்மை யாதும் இல்லையெனினும், நீதி நீதிக்காகவே செய்யப்படவேண்டும் என்றார் அவர்.

இவற்றோடு, தண்டனையைக் கண்டு பிறர் அஞ்சிக் குற்றத்தினின்று விலகுவர் என்னும் வாதமும் உண்டு. சிங்கப்பூர் அரசாங்கம் போதைப்பொருள் கடத்துவாரைத் தூக்கிலிடுவதற்கு இதனையே முதற்காரணமாகக் கூறுகின்றது. சிலர் உயிரைக் கொள்வதனால் பல்லாயிரம் இளைஞரின் வாழ்வு காக்கப்படுகின்றது என்பது அதன் துணிபு. மேலும், கொலையுண்டவரின் பெற்றோரும் மனைவி மக்களும் அடையும் துயரத்தை எவரும் மறத்தலாகாது. அரசு தமக்கு நீதி வழங்கவில்லை என்று அவர்கள் எண்ணத் தொடங்குவாராயின், பழிவாங்கும் வழக்கம் மீண்டும் தலைதூக்கும் என்பாரது அச்சமும் பொருளற்றதன்று.

இனி, மறுப்பாரது வாதத்திற்கு வருவோம். 1764-ஆம் ஆண்டில், இத்தாலியிலுள்ள மிலான் நகரத்தவராகிய பெக்காரியா என்னும் இளைஞர், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறு நூலைத் தம் பெயர் குறியாமல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 26. குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையன்று, அது தப்பாமல் வரும் என்னும் உறுதியே என்பது அந்நூலின் சாரம். நொடிப்பொழுதில் முடியும் மரணத்தைக் காட்டிலும், ஆயுள் முழுதும் அடிமைபோல் உழைக்கும் ஒருவனைக் காணும் காட்சியே மக்கள் மனத்தில் நீங்காத அச்சத்தை விளைக்கும் என்றார் அவர். ஐரோப்பா முழுதும் இந்நூல் பரவிற்று. 1786-ல் டஸ்கனி நாட்டை ஆண்ட லியோபோல்ட் கோமகன் தம் நாட்டில் மரண தண்டனையை ஒழித்தார். அங்கு அது சில ஆண்டுகளில் ஒருவாறு மீண்டதாயினும், ஓர் அரசு தூக்குமரமின்றியும் நடைபெறக்கூடும் என்பதை உலகம் கண்டுகொண்டது.

பெக்காரியாவுக்கு நேர்மாறான முடிவுக்கு வந்தவர் ஆங்கில அறிஞராகிய ஜான் ஸ்டூவர்ட் மில். மனித உரிமைக்காகப் பெரிதும் வாதாடிய அவர், 1868-ல் பார்லிமெண்டில் பேசுகையில், கொலைக் குற்றத்திற்கு மரண தண்டனையே வேண்டும் என்றார். ஆயுள் முழுதும் கடுஞ்சிறையில் வாடுதல் மரணத்தினும் கொடியது. மரணமோ கேட்போரை மிகுதியும் அஞ்சச்செய்து, அனுபவிப்போனைக் குறைவாக வருத்துவது. ஆதலின் அதுவே இரக்கமுடைய தண்டனை என்பது அவர் வாதம். ஆயுட்சிறை கொடிது என்பதில் இருவரும் உடன்பட்டனர். அவ்வொன்றிலிருந்தே ஒருவர் தூக்குமரம் வேண்டா என்றும், மற்றவர் வேண்டும் என்றும் முடிவு கட்டினர். இதனால், அச்சத்தையும் இரக்கத்தையும் மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இவ்வழக்குத் தீராதென்பது விளங்கும்.

அச்சத்தைப் பற்றிய வாதத்தை அனுபவத்தாலேனும் தீர்க்கலாமோ எனின், இங்கிலாந்தின் வரலாறு ஒரு பாடம் கற்பிக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் 200-க்கு மேற்பட்ட குற்றங்களுக்கு மரணமே தண்டனையாயிருந்தது. கடையில் துணி திருடுதலும் அவற்றுள் ஒன்று. ஆனால் நடந்ததென்ன? இத்துணைச் சிறு குற்றத்திற்கு ஒருவனைக் கொல்ல மனம் ஒவ்வாத ஜூரிமார், திருடிய பொருளின் விலையை வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டு அவனைத் தப்பவைத்தனர். கள்ளக் கையெழுத்திட்டவனுக்கு விதித்திருந்த மரண தண்டனையை நீக்கவேண்டுமென்று 1830-ல் பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் செய்துகொண்டவர்கள் யார்? அக்குற்றத்தால் பொருளிழந்த பாங்கிக்காரரே. தண்டனை மிகக் கடியதாயிருந்தமையால் எவரும் குற்றவாளியைத் தண்டிக்க முன்வரவில்லை என்பதே அவர்களது முறையீடு.

அச்சத்தைக் கணக்கிட முயன்றோரும் பலர். அமெரிக்காவில் தேசிய ஆராய்ச்சிக் குழு இப்பொருள்பற்றி அதுகாறும் வெளிவந்த ஆராய்ச்சிகளைத் திறனாய்ந்து, 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மரண தண்டனையால் கொலைகள் குறைகின்றன என்றோ, கூடுகின்றன என்றோ, மாறாதிருக்கின்றன என்றோ அவ்வாராய்ச்சிகளைக் கொண்டு முடிவுகூற இயலாது என்பதே அக்குழுவினரின் தீர்ப்பு. ஆகவே, அஞ்சி விலகுவர் என்னும் வாதம் பொய்யென்று மெய்ப்பிக்கப்படவில்லை, மெய்யென்றும் மெய்ப்பிக்கப்படவில்லை.

எஞ்சி நிற்பது ஒரு வாதம். மனிதர் வழங்கும் தீர்ப்புத் தவறக்கூடும். தவறியது தெரியவரும்போது, போன உயிர் மீளாது என்பதே அது. இதன் வலிமையை மில் அவர்களே மறுத்தாரல்லர். ஆங்கிலேய நீதிமுறை குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குச் சாதகமாகவே அமைந்துள்ளது; அங்கு இத்தகைய பிழை நிகழ்வது மிக அரிது என்று விடை கூறி அவர் அமைதி கொண்டார். 82 ஆண்டுகளுக்குப் பின் அவ்விடையை இங்கிலாந்தே பொய்ப்பித்தது. 1950-ல், தன் குழந்தையைக் கொன்றான் என்று டிமதி எவான்ஸ் என்னும் 25 வயதினன் இலண்டனில் தூக்கிலிடப்பட்டான். அவனுக்கு எதிராகச் சாட்சி கூறியவருள் முதன்மையானவன், அதே வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்த கிறிஸ்டி என்பவன். மூன்றாண்டுகள் கழித்து அவ்வீட்டில் பல பெண்களின் சடலங்கள் கண்டெடுக்கப்பட்டன. எவான்ஸின் மனைவியையும் தானே கொன்றதாகக் கிறிஸ்டி ஒப்புக்கொண்டு தூக்கேறினான். 1966-ல் எவான்ஸுக்கு அரச மன்னிப்பு அளிக்கப்பட்டது. பெறுதற்கு அவன் இல்லை. அதற்கு முந்திய ஆண்டிலேயே கொலைக்குற்றத்திற்கு மரண தண்டனையை ஐந்தாண்டுகட்கு நிறுத்திவைத்த பார்லிமெண்டு, 1969-ல் அதனை நிலையாக ஒழித்தது.

ஜப்பானில் நிகழ்ந்தது வேறொரு வகை. ஹகமாடா என்னும் முன்னாள் குத்துச்சண்டை வீரர், ஒரு குடும்பத்தார் நால்வரைக் கொன்றாரென 1966-ல் கைது செய்யப்பட்டு, 1968-ல் மரண தண்டனை விதிக்கப்பெற்றார். இன்றோ நாளையோ என்று மரணத்தை எதிர்நோக்கி அவர் பல்லாண்டுகள் சிறையிலிருந்தார். அதனால் அவர் மனநிலையும் குலைந்தது. அவர்தம் தமக்கையார் மனந்தளராது வழக்காடினார். 2014-ல் விடுவிக்கப்பட்ட அவரை, 2024-ல் நீதிமன்றம் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. புலனாய்வு செய்தோர் சான்றுகளைப் புனைந்தனர் என்றும் கூறியது. அப்போது அவருக்கு வயது 88. அமெரிக்காவிலும் 1973 முதல் மரண தண்டனை விதிக்கப்பெற்றோருள் குறைந்தது 200 பேர் பின்னர்க் குற்றச்சாட்டினின்று நீங்கினர். இவர்களெல்லாம் உயிரோடிருந்தமையால் உண்மை வெளிவந்தபோது விடுதலை பெற்றனர். இறந்துபோனவனுக்காக வழக்காடுவோர் அரியர். ஆகவே, மீட்கப்படாமற் போனவர் எத்துணையர் என்பதைக் கணிக்க வழியில்லை. தேரா மன்னனது ஆணையால் கோவலன் வெட்டுண்ட கதையைக் கற்கும் தமிழ் மாணவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாண்டியன் தன் பிழையை உணர்ந்தான். உணர்ந்து உயிரும் துறந்தான். எனினும் கோவலன் எழுந்தானல்லன்.

நம் நாட்டின் நிலையை இனி நோக்குவோம். 1898-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின்படி, மரண தண்டனைக்குரிய குற்றத்திற்கு ஒரு நீதிபதி வேறு தண்டனை விதிப்பாராயின் அதற்குக் காரணம் எழுதவேண்டும். 1955-ல் இவ்விதி நீக்கப்பட்டது. 1973-ஆம் ஆண்டுச் சட்டமோ, மரண தண்டனை விதித்தாற்றான் சிறப்புக் காரணம் காட்டவேண்டுமென்று விதித்தது. அன்று உயிரை விடுதற்குக் காரணம் கேட்ட சட்டம், பின்னர் உயிரைக் கொள்ளுதற்குக் காரணம் கேட்டது. 1980-ல் உச்ச நீதிமன்றம் பச்சன் சிங் வழக்கில், அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே இத்தண்டனை விதிக்கத்தகும் என்றும், குற்றத்தின் தன்மையோடு குற்றவாளியின் நிலையையும் ஆராயவேண்டும் என்றும் வரையறுத்தது. இத்துணை எச்சரிக்கையும் போதியதாயிற்றா? 1995-ல் ஒரு வழக்கில் அந்நீதிமன்றம் குற்றத்தின் கொடுமையை மட்டும் நோக்கித் தண்டனையை உறுதி செய்தது. குற்றவாளியும் அடுத்த ஆண்டிலேயே தூக்கிலிடப்பட்டான். அத்தீர்ப்பு 1980-ஆம் ஆண்டு நெறிக்கு மாறானது என்று 2009-ல் உச்ச நீதிமன்றமே எடுத்துரைத்தது. இங்குக் குற்றம் செய்தவன் அவனல்லன் என்பதன்று செய்தி. சட்டப்படி ஆராயவேண்டியதை ஆராயாமலே அவன் உயிர் போயிற்று என்பதே. 2015-ல் சட்ட ஆணையம், பயங்கரவாதக் குற்றங்களொழிய ஏனையவற்றிற்கு இத்தண்டனையை நீக்கலாமெனப் பரிந்துரைத்தது. ஆயினும் 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அது நிலைபெற்றுள்ளது.

அரசியலமைப்பு வகுத்த சபையில் 1949-ல் டாக்டர் அம்பேத்கர், மரண தண்டனையையே ஒழித்துவிடுதலைத் தாம் ஆதரிப்பதாகக் கூறினார் என்பதும், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைத் தன்னகத்தே கொண்டிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-லேயே அதனை ஒழித்து, இந்தியாவுடன் இணைந்த பின்னர் இந்தியச் சட்டத்தின்வழி மீண்டும் பெற்றது என்பதும் நினைவில் வைக்கத்தக்கன.

ஒழித்த தண்டனை எவ்வாறு மீள்கின்றது என்பதற்கு இலங்கையின் வரலாறு சான்று. 1956-ல் பிரதமரான பண்டாரநாயக்கா தூக்குத் தண்டனையைச் சோதனை முறையில் நிறுத்திவைத்தார். 1958-ல் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. நார்வல் மாரிஸ் என்னும் சட்டப் பேராசிரியரின் தலைமையில் ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. நிறுத்திவைத்தலையே தொடரலாம் என்று அக்குழு 1959-ல் பரிந்துரைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பண்டாரநாயக்காவே சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு கொதித்தெழுந்தது. சில மாதங்களுக்குள்ளாகவே, முன்னர் நிகழ்ந்த கொலைக்கும் பொருந்துமாறு தூக்குத் தண்டனை மீட்கப்பட்டது. சுட்டவன் 1962-ல் தூக்கிலிடப்பட்டான். சதி செய்தோர் இருவர், விரைந்து இயற்றிய அச்சட்டத்தின் சொற்கள் சதிக் குற்றத்தை உள்ளடக்காமையால் உயிர் தப்பினர். அமைதியாக ஆராய்ந்து எழுதிய அறிக்கையைச் சினம் ஒரு நாளில் புறந்தள்ளிற்று. பின்னர் 1976-க்குப் பின் அந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019-ல் மீண்டும் தொடங்க முயன்றபோது உச்ச நீதிமன்றம் தடுத்தது.

இங்ஙனம் நிறுத்துப் பார்க்குங்கால், நீதிக்காகத் தண்டனை என்னும் வாதமும், காவலுக்காகத் தண்டனை என்னும் வாதமும் நீண்ட சிறைத் தண்டனையாலும் ஒருவாறு நிறைவேறக்கூடியவை. தவறிப்போன தண்டனையைத் திருத்தவேண்டும் என்னும் வாதத்திற்கோ, குற்றவாளி உயிரோடிருந்தாலன்றி வழியில்லை. ஆகவே தூக்குத் தண்டனை வேண்டா என்பாரது பக்கமே தராசு தாழ்கின்றது என்பது எம் கருத்து. ஆனால் அப்பக்கத்தார்க்குப் பெரியதொரு கடமையும் உண்டு. குற்றவாளியைத் தப்பாமற் கண்டுபிடித்தலும், வழக்கைக் காலந்தாழ்த்தாமல் முடித்தலும், கொலையுண்டார் குடும்பத்தைப் பேணுதலும், கொடியவன் செல்வாக்கினால் விரைவில் வெளிவருதலைத் தடுத்தலும் நிகழாத நாட்டில், தூக்குமரத்தை வேண்டி மக்கள் கூக்குரலிடுவதைக் குறைகூற இயலாது.

மாணவர்களுள் சிலர் நாளை வழக்கறிஞராகவும், நீதிபதியாகவும், சட்டசபை உறுப்பினராகவும் விளங்குவர். யாவரும் வாக்காளர் ஆவர். கொடிய குற்றமொன்று நிகழ்ந்து ஊரெல்லாம் கொதிக்கும் நாளில், இவ்வினா மீண்டும் அவர்கள்முன் வந்து நிற்கும். அன்று சினத்திற்கு இடங்கொடாது விடையிறுத்தற்கு, இரு பக்கத்து நியாயங்களையும் இன்றே கற்றுவைத்தல் வேண்டும்.