விரல் எப்படி வந்து சேர்ந்தது?

எம்.எஸ்சி. நர்சிங் படிக்கும் மாணவி ஒருத்தி ஆய்வுத் தலைப்போடு என்னிடம் வந்தாள். அவசர சிகிச்சைப் பிரிவு செவிலியர்களுக்கு முதலுதவி பற்றி வகுப்பெடுத்து, முன்னும் பின்னும் தேர்வு வைத்து, அறிவு கூடியதா என்று பார்ப்பது அவள் திட்டம். பாடத்தை மட்டும் மாற்றிப் போட்ட இதே தலைப்புகள் நர்சிங் கல்லூரி நூலகங்களில் அலமாரி அலமாரியாக நிறைந்திருக்கின்றன. வகுப்பெடுத்தால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். "இதை முடிச்சா நம்ம வார்டுல என்னம்மா மாறும்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு வருகிறேன் மேடம் என்று போனாள்.

யோசிக்க வேண்டிய இடம் நூலகம் இல்லை, இந்த வார்டு. நான் வேலை பார்ப்பது ஒரகடம் பக்கம். சுற்றிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கிய பிறகு பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றுக்குத் தகடு அழுத்திக் கொடுக்கும் சின்னப் பட்டறைகளும் கூடவே முளைத்தன. பவர் பிரஸ் ஓடுகிற ஊரில் எங்களிடம் அடிக்கடி வருவது கைக்காயம்தான்.

துண்டான விரலை மறுபடி ஒட்டவைக்க வேண்டுமானால், அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்ற வேண்டும். பாலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகப் பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். குளிர்ச்சியில் வைத்த விரல் ஏறத்தாழ 24 மணி நேரம் தாங்கும், வைக்காவிட்டால் 12 மணி நேரம்தான் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதற்குள் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு போன்ற இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் நான் பார்ப்பது வேறு. கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வரும். ஐஸ்கட்டிக்குள் புதைந்து, வெளுத்துப் போய் வரும். சில நேரம் ஆள் மட்டும் வருவார், விரல் மெஷினடியிலேயே கிடக்கும். எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. ஒரு பையும் கொஞ்சம் ஐஸும் அந்தப் பட்டறையில் கிடைக்காமலா இருந்திருக்கும்?

மாணவி திரும்பி வந்தபோது, தலைப்பு இங்கே இருக்கிறது என்றேன். துண்டான விரல் எந்த நிலையில் வந்தது, விபத்து நடந்து எத்தனை மணி நேரம் கழித்து, அதைச் சுற்றிக் கொடுத்தது யார்? எங்கள் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், காயம் இருக்கும், நேரம் இருக்கும். விரல் வந்த விதத்துக்குக் கட்டம் கிடையாது. பழைய பதிவேட்டைப் புரட்டிப் பயனில்லை என்பதால், இனி வருகிறவர்களுக்குத் தனித் தாள் போட வேண்டும். இரண்டாண்டுப் படிப்பில் தகவல் திரட்டக் கிடைப்பது சில மாதம்தான். ஒரே மருத்துவமனையில் எண்ணிக்கை போதாது. பக்கத்து மருத்துவமனை ஒன்றையும் சேர்க்கச் சொன்னேன்.

ஹரியானாவின் குருகிராம்–மானேசர் பகுதியில் விரலிழந்த வாகன உதிரிபாகத் தொழிலாளர்களைக் கேட்டே 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் 'கிரஷ்டு' என்ற அறிக்கைகளை வெளியிடுகிறது. அதைப் படிக்கச் சொன்னேன். நம் பக்கமும் கேட்க வேண்டியது அவர்களைத்தான்.

கேட்பதுதான் கஷ்டம். வலியில் துடிக்கிறவரிடம் சம்மதப் படிவத்தை நீட்டக் கூடாது. அவர் ஒடியாவோ இந்தியோ பேசுகிற ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பார், பக்கத்தில் சூப்பர்வைசர் நிற்பார். அந்த நிலையில் தலையாட்டினால் அது சம்மதமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள் இப்படிப்பட்டவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு கேட்கின்றன. வலி தணிந்த பிறகு, சூப்பர்வைசரை வெளியே அனுப்பிவிட்டு, அவர் மொழியில் கேட்க வேண்டும். மறுத்தாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வாரம் தாளோடு வந்தாள். நன்றாகவே போட்டிருந்தாள். கடைசியில் 'விபத்துக்குக் காரணம் யார்' என்று ஒரு கட்டம். அதை அடித்தேன். அந்தப் பதில் வெளியே போனால் அவர் வேலைக்கும் இழப்பீட்டுக்கும் ஆபத்து. நம் கேள்விக்கு அது தேவையும் இல்லை. மீதிக் கட்டங்களோடு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.