ஆண் உருளைப்புழுவில் ஒரு புரதம்

நாக்குப்பூச்சி என்று நம் ஊர்களில் வழங்கும் குடற்புழுவுக்கு உறவான சிற்றுயிர் ஒன்று மண்ணில் வாழ்கிறது. 'சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ்' என்பது அதன் பெயர். நீளம் ஒரு மில்லிமீட்டர். உடலோ கண்ணாடி போன்றது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக உயிர்த்தொழில்நுட்பத் துறையினர், நோய்க்கிருமிகளை இப்புழு எதிர்கொள்ளும் திறத்தை ஆராய்ந்துள்ளனர். ஆதலின் இது நமக்கு அயலதன்று.

இவ்வினத்தில் இருபாலும் ஓருடலில் அமைந்தவையே மிகப் பெரும்பான்மை. ஆண் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டே. அதன் விந்தணுவுக்கு வாலில்லை. உருண்டையாய் அசைவற்றுக் கிடக்கும் அதனை ஊர்ந்து செல்லுமாறு எழுப்புவது 'டிரை-5' என்னும் நொதிப்புரதம்.

அப்புரதம் ஆணின் உடலில் எங்கே உள்ளது? ஸ்மித், ஸ்டான்ஃபீல்டு என்னும் ஆய்வாளர் இருவர் 2011இல் இதற்கு விடை கண்டனர். ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதத்தை அதனோடு பிணைத்து நோக்கியபோது, விந்துக்குழாயின் உயிரணுக்களில் அது குமிழ்களாக ஒளிர்ந்தது. புணர்ச்சி வேளையிலேதான் வெளியேறி, விந்தோடு துணையின் உடலை அடைந்தது.

முன்னரே கசிந்தால் என்னாகும்? விந்தணுக்கள் உரிய காலத்துக்கு முன்பே விழித்து, துணையிடம் சேர இயலாமல் ஆணுக்குள்ளேயே வீணாகும். இதனைத் தடுக்கக் காவற்புரதம் ஒன்று உண்டு, 'எஸ்.டபிள்யூ.எம்-1' என்பர். வியப்பு யாதெனில், அக்காவலனைத் தருவது உடல் தசை! தசையினின்று உடற்குழிக்கு வந்து, அங்கிருந்து இனப்பெருக்க உறுப்பினுள் புகுகிறது. மடி சுரக்கிறது, ஊற்று சுரக்கிறது என்கிறோம். ஆங்கெல்லாம் சுரந்த இடத்திலேயே பயனைப் பெறுகிறோம். இங்கோ சுரக்கும் இடம் வேறு, தொழிற்படும் இடம் வேறு. எனவே ஒரு புரதம் காணப்படும் இடத்தை மட்டும் அறிந்து, அது பிறந்த இடத்தையும் அறிந்துவிட்டதாக எண்ணலாகாது.

பன்றியின் குடலில் வாழும் ஆஸ்காரிஸ் புழுவிலும் இத்தகைய நொதி ஆணின் விந்துக்குழாயிலிருந்தே சுரக்கிறது. மாந்தர் குடலிலுள்ள ஆஸ்காரிஸ் பெண்புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,00,000 முட்டைகளிடும். 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில் நம் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. அது குடலிலுள்ள புழுவைக் கொல்லும். மண்ணில் கிடக்கும் முட்டையைத் தொடாது. பிள்ளைக்கு மீண்டும் புழு பற்றுவது அம்முட்டையால்தான். விந்தணுவை எழுப்பும் நொதியையே முடக்க வழியுண்டா என்னும் வினா இங்குதான் எழுகிறது. ஏனெனில் கருவுறாத முட்டை எவரையும் தொற்றுவதில்லை.